கட்டம் ஆறு

சனிக்கிழமை சாயங்காலம்
காட்பாடிச் சந்தையில் வாங்கிய மூன்று மண்சட்டிகளைச்
சாக்கில் சுற்றி
கோட்டைச் சுவரோரம் வைத்து உடைத்தேன்.
மட்டையைக் கீழே போட்டுவிட்டு
கிரிக்கெட் பையன்கள் பார்த்தார்கள்.
"வீட்ல சண்டையாக்கா?"
"இல்லடா. நாளைக்குக் காலையில
இதுக்கெல்லாம் ரெண்டாயிரம் வயசு."

அருங்காட்சியகத்தின் பின்பக்கம்
செங்கல் அடுக்கிய தொட்டி.
பாலாற்று மணல் கேட்டிருந்தேன்.
விலையைச் சொல்லிச் சிரித்தார்கள்,
எம்-சாண்ட் வந்து இறங்கியது.
ஆற்றையே பார்த்திராத மணல்.
கிளிஞ்சல் இல்லை, வேர் இல்லை,
நேற்று வரை மலையாக இருந்ததைத் தவிர
அதற்கு வேறு ஞாபகம் இல்லை.
அதற்குள் ஓடுகளைப் புதைத்தேன்,
பாசிமணி பதினொன்று, அகல்விளக்கு ஒன்று.
சணல் கட்டி ஒன்பது கட்டம் பிரித்தேன்.

ஞாயிறு பத்து மணிக்குக் குடும்பங்கள்.
கழுத்தில் ஷூ கம்பெனி அட்டையோடு
ஆம்பூரிலிருந்து ஒரு அப்பா.
சி.எம்.சி. ரிப்போர்ட் வரும்வரை
எங்கே உட்காருவதென்று தெரியாமல்
ஒரு வங்காளக் குடும்பம்.
ஆளுக்கொரு பெயிண்ட் பிரஷ் கொடுத்தேன்.
தோண்டாதே, தடவு.
கிடைத்தால் எடுக்காதே,
எங்கே, எவ்வளவு ஆழம், முதலில் எழுது.

யார் கேட்டார்கள்?
இரண்டே நிமிடத்தில் ருத்ரேஷ்
கிணறு வெட்டிவிட்டான்.
"சீக்கிரம்டா, அந்தப் பொண்ணு மூணு எடுத்துட்டா"
என்று அவன் அம்மா
சணலுக்கு வெளியே நின்று குதித்தாள்.

அந்தப் பொண்ணு தஹ்சீன். ஏழு வயது.
ஓட்டின் மேல் மண்ணை ஊதக் குனிந்தவள்
நிமிரவில்லை.
வெள்ளிக்கிழமையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த மேல்பல்
ஊதிய காற்றோடு போய்விட்டது.
உதட்டில் துளி ரத்தம்.
"கூரை மேல போடணும்னு இருந்தோமே"
என்றார் ஷூ கம்பெனி அப்பா,
தன் பல்லே விழுந்ததுபோல.

அப்புறம் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.
மிதிக்காதீங்க, என்றது ஒரு குரல்.
ருத்ரேஷ் குப்புறப் படுத்து
ஒரு விரலால் தடவினான்.
அவன் அம்மா சல்லடையைப் பிடித்தாள்,
மறுமுனையை வங்காளப் பெண் பிடித்தாள்,
ஒருத்தி பேசியது இன்னொருத்திக்குப் புரியவில்லை,
சல்லடை தாளம் தப்பாமல் ஆடியது.
நடுப்பகல் வெயிலில்
அப்பா செல்போன் டார்ச் அடித்தார்.
கல்லுடைத்த பொடியில்
ஒவ்வொரு துகளும் பல்லாகத் தெரிந்தது.

பதினொரு மணியும் கிடைத்தன. விளக்கு கிடைத்தது.
மூன்று சட்டியும் ஏறக்குறைய
ஒட்டினால் நிற்குமளவு கிடைத்தன.
பல் இல்லை.

ஒரு மணிக்குப் பூட்ட வேண்டும்.
காலையிலிருந்து யாரும் தொடாத
குறிப்பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி,
என் முதுகை மேசையாக்கி எழுதினாள்:

கட்டம் 6.
பல். மேல இருந்தது. என்னுது.
இருக்கு. கிடைக்கல.

உள்ளே நடுகல் வரிசையில்
மாடு மீட்டுச் செத்தவன் ஒருவன் நிற்கிறான்.
வில் தெரிகிறது, இடுப்புக் கத்தி தெரிகிறது.
பெயர் வருகிற இடத்தில் கல் பொரிந்துவிட்டது.
அவன் காலடியில் பித்தளைத் தட்டில்
எங்கள் அலுவலகம் அடித்த நாலு வரி.
இத்தனை வருடம் துடைத்திருக்கிறேன்,
இவள் எழுதிய அளவுக்கு நேர்மையாக
அதில் ஒரு வரி இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் சட்டி உடைத்தேன்.
எட்டுக் கட்டத்தில் புதைத்தேன்.
ஆறில் கை வைக்கவில்லை.
தார்ப்பாய் மூடும்போது
அந்த மூலையை மட்டும்
கொஞ்சம் மெதுவாக இழுத்தேன்.